கீகேப் வாங்கப் போகிறீர்களா? நிறத்தைக் கடைசியில் பாருங்கள்

என் பழைய கீபோர்டில் ஸ்பேஸ்பாரின் வலது ஓரம் மட்டும் எண்ணெய் தடவியதுபோல மினுமினுக்கும். மற்ற இடமெல்லாம் வாங்கிய நாளில் இருந்த சொரசொரப்போடு அப்படியே இருக்கும். எனக்கு நாள் முழுக்க மொழிபெயர்ப்பு வேலை. வலது கட்டைவிரல் வருடக்கணக்கில் ஒரே இடத்தில் விழுந்து விழுந்து தேய்த்த தடம் அது. அதற்கடுத்து மினுங்கத் தொடங்கியவை எச், எல் என்ற இரண்டு விசைகள். ஆங்கிலத்தில் எழுதுகிறவர்களுக்கு இ விசைதான் முதலில் தேயும். நான் தமிழ்99 என்ற விசைப்பலகை முறையில் தட்டுகிறேன். அதில் எச் இருக்கும் இடத்தில் க, எல் இருக்கும் இடத்தில் த.

ஆக, நாம் என்ன மொழியில் எழுதுகிறோம், எந்த விரலை எங்கே வைக்கிறோம் என்பதெல்லாம் பதிவாவது கீகேப்பில். விசையின் மேல் தொப்பிபோல் உட்கார்ந்திருக்கும் அந்தச் சின்ன பிளாஸ்டிக் மூடிக்குத்தான் கீகேப் என்று பெயர். மொத்தக் கீபோர்டிலும் விரல் தொடுகிற பாகம் அது ஒன்றுதான். ஆனாலும் ஸ்விட்ச் வாங்க ஒரு வாரம் தேடிப் படிக்கிறவர்கள்கூட, கீகேப்பைப் படத்தில் நிறம் பார்த்து ஐந்து நிமிடத்தில் வாங்கிவிடுகிறார்கள். நானும் முதல் முறை அப்படித்தான் வாங்கினேன். முதலில் அது உங்கள் கீபோர்டில் உட்காருமா என்று பாருங்கள். பிறகு வடிவம், அப்புறம் பிளாஸ்டிக், எழுத்து. நிறம் கடைசியில்.

மெக்கானிக்கல் கீபோர்டில் ஒவ்வொரு விசைக்கும் கீழே தனியாக ஒரு ஸ்விட்ச் இருக்கும். கீகேப்பை உருவிவிட்டுப் பார்த்தால் ஸ்விட்சின் தலையில் கூட்டல் குறி வடிவில் ஒரு சிறு தண்டு தெரியும். கீகேப்பின் அடியில் அதே கூட்டல் குறி வடிவில் ஒரு குழி. இரண்டும் ஒன்றுக்குள் ஒன்று அழுந்திப் பிடித்துக்கொள்கின்றன. பசை, திருகு எதுவும் கிடையாது. இந்தக் கூட்டல் குறி ஜெர்மனியின் செர்ரி நிறுவனம் 1980களில் கொண்டுவந்த எம்எக்ஸ் ஸ்விட்சின் வடிவம். அதன் காப்புரிமை முடிந்தபிறகு கேடரான், கைல் போன்ற சீன நிறுவனங்களும் அதே தண்டோடு ஸ்விட்ச் செய்யத் தொடங்கின. அதனால்தான் ஒரு நிறுவனத்தின் கீகேப் இன்னொரு நிறுவனத்தின் கீபோர்டில் உட்காருகிறது.

உங்கள் கீபோர்டில் ஒரு விசையை உருவிப் பாருங்கள். கூட்டல் குறி தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. தெரியாவிட்டால் இப்போதைக்கு எதுவும் வாங்க வேண்டாம். ஜப்பானின் டோப்ரே வகை ஸ்விட்சுகளின் தலை வேறு மாதிரி. தட்டையான கீபோர்டுகளில் வரும் கைல் சாக் ஸ்விட்சின் முதல் வகைக்குக் கூட்டல் குறி இல்லை, இரண்டு சின்னத் துளைகள்தான். லேப்டாப் விசைகளின் அமைப்பே வேறு, அவற்றை இதில் சேர்க்க முடியாது.

அடுத்தது அளவு. புதிதாக வாங்குகிறவர்கள் அதிகமாக ஏமாறுவது இங்கேதான்.

கீகேப் அளவை யூ என்ற கணக்கில் சொல்வார்கள். ஓர் எழுத்து விசை தன் இடைவெளியோடு சேர்த்துப் பிடிக்கும் அகலம் 1யூ. அது 19.05 மில்லிமீட்டர், அதாவது முக்கால் அங்குலம். சாதாரண முழு அளவுக் கீபோர்டில் எழுத்துகள் உள்ள பகுதியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வரிசையும் சரியாக 15யூ வரும். எண் வரிசையில் 13 விசைகளும் 2யூ பேக்ஸ்பேசும். அதன் கீழே 1.5யூ டேப், 12 எழுத்து விசைகள், கடைசியில் ஒரு 1.5யூ. நடுவரிசையில் 1.75யூ கேப்ஸ் லாக், 11 விசைகள், 2.25யூ என்டர். அதற்கும் கீழே 2.25யூ இடது ஷிப்ட், 10 விசைகள், 2.75யூ வலது ஷிப்ட். கடைசி வரிசையில் 1.25யூவில் ஏழு விசைகள், நடுவில் 6.25யூ ஸ்பேஸ்பார். எந்த வரிசையைக் கூட்டினாலும் பதினைந்து. இது ஒருமுறை மனதில் பதிந்துவிட்டால், எந்தக் கீபோர்டைப் பார்த்தாலும் எது வழக்கமான விசை, எது வழக்கத்துக்கு மாறானது என்று கண்ணே சொல்லிவிடும்.

சிறிய கீபோர்டுகளில் இந்தக் கணக்கு மாறுகிறது. 65 சதவீதக் கீபோர்டு என்று விற்கிறார்களே, அதில் அம்புக்குறி விசைகளுக்கு இடம் வேண்டும். அதற்காக வலது ஷிப்டை 2.75யூவிலிருந்து 1.75யூவுக்குக் குறுக்கியிருப்பார்கள். ஸ்பேஸ்பாரின் வலது பக்கம் உள்ள ஆல்ட், கண்ட்ரோல் விசைகளும் பெரும்பாலும் 1யூ ஆகிவிடும். நான் முதலில் வாங்கிய செட்டில் 104 கீகேப்கள் இருந்தன. என் 65 சதவீதக் கீபோர்டுக்கு அதில் பாதிக்குக் கொஞ்சம் மேல் போதும், ஏகப்பட்டது மிச்சமாகும் என்றுதான் நினைத்தேன். மிச்சம் ஆனது உண்மைதான். ஆனால் அந்த மிச்சத்தில் ஒரு 1.75யூ ஷிப்ட் இல்லை. வெளிர் பச்சை விசைகளுக்கு நடுவே பழைய கறுப்பு ஷிப்டும் இரண்டு கறுப்பு விசைகளும் ஆறு மாதம் இருந்தன. கடைக்காரர் மேல் குற்றம் சொல்ல முடியாது. செட்டில் என்னென்ன அளவு இருக்கிறது என்று படத்தில் தெளிவாகவே போட்டிருந்தார். நான்தான் நிறத்தை மட்டும் பார்த்தேன்.

அதனால் வாங்கும் முன் ஓர் அடிக்கோலை எடுத்து உங்கள் கீபோர்டின் மூன்று இடங்களை அளந்து குறித்துக்கொள்ளுங்கள்: ஸ்பேஸ்பார், வலது ஷிப்ட், ஸ்பேஸ்பாருக்கு வலது பக்கத்து விசைகள். ஸ்பேஸ்பார் சுமார் 118 மில்லிமீட்டர் என்றால் 6.25யூ, 132 மில்லிமீட்டரை ஒட்டி வந்தால் 7யூ. பழைய கேமிங் கீபோர்டுகள் சிலவற்றில் கடைசி வரிசை இந்த இரண்டிலும் அடங்காத அளவில் இருக்கும், அவற்றுக்குச் செட் கிடைப்பது கஷ்டம். தலைகீழ் எல் வடிவத்தில் பெரிய என்டர் உள்ள கீபோர்டு என்றால் அது ஐரோப்பாவில் அதிகம் புழங்கும் ஐஎஸ்ஓ அமைப்பு. செட்டில் அந்த என்டர் தனியாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

சரி, உட்காரும் என்று தெரிந்துவிட்டது. இனி வடிவம். இதைப் புரொஃபைல் என்பார்கள்.

கீபோர்டைக் கண் மட்டத்துக்குத் தூக்கிப் பக்கவாட்டில் பாருங்கள். பெரும்பாலான கீபோர்டுகளில் எண் வரிசை உயர்ந்தும், நடுவரிசை தாழ்ந்தும், கடைசி வரிசை மறுபக்கம் சாய்ந்தும் இருக்கும். விரல் மேலே நீளும்போது விசை தானே முன்வந்து நிற்கட்டும் என்பதற்காக அந்த வளைவு. இப்படி வரிசைக்கு ஒரு வடிவமாக வருபவை ஒரு ரகம். செர்ரி, ஓஇஎம், எஸ்ஏ, எம்டி3 என்ற பெயருள்ள வடிவங்கள் எல்லாம் இதில் சேரும். எல்லா வரிசைக்கும் ஒரே வடிவமாக வருபவை இன்னொரு ரகம். டிஎஸ்ஏ, எக்ஸ்டிஏ அந்த வகை.

கடையில் வாங்கும் சாதாரணக் கீபோர்டில் பெரும்பாலும் ஓஇஎம் இருக்கும். செர்ரி அதைவிடக் கொஞ்சம் தாழ்வு. எஸ்ஏ நல்ல உயரம்; அதன் மேல்வரிசை விசை 16 மில்லிமீட்டரையும் தாண்டும். பழைய கணினி முனையங்களின் தோற்றம் அதற்கு உண்டு, பார்க்க அத்தனை அழகு. ஆனால் மணிக்கட்டுக்குக் கீழே பலகையோ மெத்தையோ வைக்காமல் எட்டு மணி நேரம் அதில் தட்டச்சு செய்தால் கை சொல்லிவிடும். டிஎஸ்ஏ ஏழரை மில்லிமீட்டர் அளவில் தாழ்வாக, தட்டையாக இருக்கும்.

உயரத்தைவிட விரலுக்கு முக்கியம், உச்சியில் உள்ள குழியின் வடிவம். செர்ரியிலும் ஓஇஎம்மிலும் அது மல்லாத்தி வைத்த நாட்டு ஓடுபோல இருக்கும்: இடம் வலமாக வளைவு, மேல் கீழாக நேர்க்கோடு. விரல் மேலும் கீழும் தடையின்றி வழுக்கிப் போகும். எஸ்ஏ, டிஎஸ்ஏ, எம்டி3 ஆகியவற்றில் பணியாரக் கல்லின் குழிபோல எல்லாப் பக்கமும் வளைந்திருக்கும். விரல்நுனி அதற்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். எம்டி3இல் குழி இன்னும் ஆழம். இதில் எது நல்லது என்று படித்துத் தெரிந்துகொள்ள முடியாது, தொட்டுத்தான் பார்க்க வேண்டும். நண்பர்கள் யாரிடமாவது இருந்தால் பத்து நிமிடம் கேட்டு வாங்கி ஒரு பக்கம் தட்டிப் பாருங்கள். அந்த வாய்ப்பே இல்லையென்றால் செர்ரியிலிருந்து தொடங்குங்கள் என்றுதான் சொல்வேன். செட்டுகள் அதிகம் கிடைப்பதும் அதில்தான், கைக்குப் பழகுவதும் சீக்கிரம்.

செர்ரியில் ஒரு சிக்கல் மட்டும் உண்டு. ஸ்விட்சில் விளக்குக்கான சன்னல் சில கீபோர்டுகளில் மேல்பக்கம், அதாவது திரையை நோக்கி இருக்கும். அப்படிப்பட்டவற்றில் செர்ரி வடிவக் கீகேப்பை அழுத்தினால், குறிப்பாக நடுவரிசையில், கீகேப்பின் உள்விளிம்பு ஸ்விட்சின் உடம்பில் இடிக்கலாம். சத்தமும் தொடுகையும் அங்கே மட்டும் மந்தமாகிவிடும். எல்லா ஸ்விட்சிலும் இது நடப்பதில்லை. உங்கள் கீபோர்டில் சன்னல் மேல்பக்கம் இருந்தால் ஓஇஎம்மோ எக்ஸ்டிஏவோ நிம்மதி.

இன்னொன்றையும் சேர்த்துப் பாருங்கள். எஃப், ஜே விசைகளில் விரலுக்கு அடையாளமாக ஒரு சிறு மேடு இருக்கும். சில செட்டுகளில் மேடு இல்லாமல் அந்த இரண்டின் குழியை மட்டும் ஆழமாக்கியிருப்பார்கள். தமிழ்99இல் எஃப் இடத்தில் ஃ, ஜே இடத்தில் ப. உயிரெழுத்துகள் எல்லாம் இடது கைக்கு. மெய்யில் பெரும்பகுதி வலது கைக்கு. பார்க்காமல் தட்டுகிற கைக்கு அந்த ஃவும் பவும்தான் வீட்டு வாசல். எக்ஸ்டிஏ மாதிரி எல்லா வரிசையும் ஒரே உயரமாக இருக்கும் செட்டில் விரல் எந்த வரிசையில் நிற்கிறது என்று சாய்வு சொல்லாது, மேடு மட்டும்தான் சொல்லும். அதில் மேடு மழுங்கலாக இருந்தால் ‘கடல்’ என்று தட்டியது வேறென்னவோவாகத் திரையில் வந்து நிற்கும்.

பிளாஸ்டிக்குக்கு வருவோம். சந்தையில் இருப்பவை பெரும்பாலும் இரண்டு: ஏபிஎஸ், பிபிடி.

ஏபிஎஸ் என்பது லெகோ கட்டைகள் செய்யும் அதே பிளாஸ்டிக். அச்சில் ஊற்றினால் அளவு பிசகாமல் வரும், நிறம் பளிச்சென்று பிடிக்கும். குறை, தேய்மானம். விரலின் உராய்வில் மேல்பரப்பு வழவழப்பாகி மினுமினுக்கும். நான் முதலில் சொன்ன ஸ்பேஸ்பார் ஏபிஎஸ்தான். அந்த மினுமினுப்பைத் துடைத்து நீக்க முடியாது. அது அழுக்கு இல்லை, பரப்பே மழுங்கிவிட்டது. வெயில் படும் சன்னலோரம் வைத்தால் வெள்ளை ஏபிஎஸ் மஞ்சளாகவும் மாறும்.

பிபிடி இன்னும் கடினம். தொட்டால் மெல்லிய மணல்தாளை நினைவூட்டும் ஒரு சொரசொரப்பு, அது பல வருடம் அப்படியே நிற்கும். வியர்க்கிற கைக்கு மிகவும் நல்லது. நம் ஊர் மே மாதத்தில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து எழுதுகிறவர்கள் இதைத் தொட்டதும் உணர்வார்கள். ஆனால் அச்சில் ஆறும்போது பிபிடி ஏபிஎஸ்ஸைவிட அதிகம் சுருங்கும். சின்ன விசையில் அது தெரியாது, நீளமான ஸ்பேஸ்பாரில் தெரியும்: வாழைப்பழம்போல லேசாக வளைந்துவிடும். பிபிடி செட் வந்ததும் முதலில் ஸ்பேஸ்பாரை மேசைக் கண்ணாடியின் மேல் வைத்து அடியில் ஒளி தெரிகிறதா என்று பாருங்கள். வளைந்திருந்தால் திருப்பி அனுப்பக் கூச்சப்பட வேண்டாம். அதற்காகவே சில செட்டுகளில் ஸ்பேஸ்பாரை மட்டும் ஏபிஎஸ்ஸில் கொடுப்பதும் உண்டு.

பிபிடி என்று சொல்லி விற்றது உண்மையில் பிபிடிதானா? வீட்டிலேயே சோதிக்கலாம். அரை டம்ளர் வெந்நீரில் உப்பு போட்டுக் கலக்குங்கள். இனிக் கரையாது, அடியில் தங்குகிறது என்ற நிலை வரை போட்டு, நன்றாக ஆறவிடுங்கள். தேவையில்லாத ஒரு கீகேப்பை அதில் முழுக்கி, குழிக்குள் மாட்டிய காற்றுக் குமிழியை விரலால் தட்டி வெளியேற்றுங்கள். ஏபிஎஸ் மிதக்கும், பிபிடி மூழ்கும். ஏபிஎஸ்ஸின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 1.05 கிராம் அளவு, பிபிடி 1.3 அளவு, உப்பு நிறைந்த தண்ணீர் இரண்டுக்கும் நடுவே 1.2 அளவு. சாதாரணத் தண்ணீரில் இரண்டுமே மூழ்கிவிடும், அதனால்தான் உப்பு. என் வீட்டில் இதைச் செய்தபோது பிபிடி என்று சொல்லி வந்த ஒரு செட்டின் கீகேப் அடிக்குப் போகவே மறுத்தது. அழுத்திவிட்டாலும் மேலே வந்தது. அப்புறம் விசையை நல்ல தண்ணீரில் கழுவிக் காயவைத்துவிடுங்கள்.

சத்தத்துக்கும் இதில் பங்கு உண்டு, ஆனால் அங்கே பிளாஸ்டிக்கைவிடத் தடிமன் முக்கியம். ஒரு மில்லிமீட்டர் தடிமனுள்ள சுவர் கலகலவென்று ஒலிக்கும். ஒன்றரை மில்லிமீட்டர் என்றால் ஒலி ஆழமாக, அடங்கி வரும். ஜெர்மனியின் ஜிஎம்கே நிறுவனம் செய்யும் கீகேப்கள் ஏபிஎஸ்தான், தடிமன் நன்றாக இருப்பதால் ஒலியும் நன்றாக இருக்கும். ஆகவே ஏபிஎஸ் என்றாலே மட்டம் என்று முடிவுகட்ட வேண்டாம். மலிவான மெல்லிய பிபிடியைவிடத் தடித்த ஏபிஎஸ் எவ்வளவோ மேல்.

எழுத்துக்கும் பிளாஸ்டிக்குக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. மலிவுக் கீபோர்டில் எழுத்தை மை கொண்டு மேலே அச்சடிப்பார்கள், அது ஓரிரு வருடத்தில் உதிரும். டை சப்ளிமேஷன் என்ற முறையில் சாயத்தைச் சூடாக்கி ஆவியாக்கி பிளாஸ்டிக்குக்குள்ளேயே இறக்குவார்கள். எழுத்து பரப்பில் இல்லை, உள்ளே ஊறியிருக்கிறது. பரப்பு தேய்ந்தாலும் எழுத்து நிற்கும். இதற்கு 200 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடு வேண்டும். ஏபிஎஸ் 100 டிகிரியைத் தாண்டியதுமே இளகத் தொடங்கும், பிபிடி உருக 220 டிகிரிக்கு மேல் வேண்டும். அதனால்தான் டை சப் செட்டுகள் பிபிடியில் வருகின்றன. சாயம் பிளாஸ்டிக்கைவிட அடர்நிறமாக இருந்தால்தான் தெரியும் என்பதால் வெளிர்நிற விசையில் கறுத்த எழுத்து என்பதே இதில் வழக்கம்.

டபுள் ஷாட் முறையில் அச்சடிப்பே கிடையாது. எழுத்தை ஒரு நிறப் பிளாஸ்டிக்கில் வார்த்து, அதைச் சுற்றி இன்னொரு நிறத்தில் விசையை வார்க்கிறார்கள். எழுத்து என்பது அடிவரை பிளாஸ்டிக். அழிய வழியே இல்லை. அடியிலிருந்து விளக்கு எழுத்தின் வழியே தெரிய வேண்டுமானாலும் ஒளி ஊடுருவும் டபுள் ஷாட்தான் நல்லது. ஆனால் ஒவ்வோர் எழுத்துக்கும் தனி அச்சு வேண்டும், அந்த அச்சுக்குச் செலவு அதிகம். ஆயிரக்கணக்கில் விற்கிற ஆங்கில எழுத்துக்கு அது கட்டுப்படியாகும். ழவும் ஞவும் ஔவும் உள்ள 31 விசைகளுக்கு அத்தனை அச்சு செய்ய யார் முன்வருவார்கள்? தமிழ் எழுத்துள்ள கீகேப் வேண்டும் என்றால், ஆர்டரின் பேரில் எழுத்தைப் பதித்துத் தரும் இடங்களில் வெளிர்நிறப் பிபிடியில் டை சப் செய்து வாங்குவதுதான் நடைமுறையில் ஆகிற வழி.

அப்படிச் செய்யச் சொல்லும்போது எந்த விசைப்பலகை முறை என்பதை வரைபடத்தோடு கொடுங்கள். தமிழ்99 என்பது 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டை ஒட்டித் தமிழ்நாடு அரசு ஏற்ற முறை. 12 உயிர், 18 மெய், ஓர் ஆய்தம், ஆக 31 விசை. பழைய தட்டச்சு இயந்திர முறையில் பழகியவர்களும் இலங்கையில் ரெங்கநாதன் முறையில் தட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். அவற்றில் எழுத்துகளின் இடமே வேறு. வரிசைக்கு வடிவம் மாறும் செட்டில் ஒரு விசையைத் தவறான வரிசைக்கு அச்சிட்டுவிட்டால், எடுத்து மாற்றி மாட்டினால் தீர்ந்தது என்று விட முடியாது. அந்த ஒரு விசை மட்டும் மேடாகவோ சாய்வாகவோ விரலில் இடறிக்கொண்டே இருக்கும். பார்க்காமல் தட்டத் தெரிந்தவர்கள் எழுத்தே இல்லாத வெற்று விசைகளை வாங்கலாம். நான் இப்போது பயன்படுத்துவது அதைத்தான். ஆனால் கீபோர்டை வீட்டில் மற்றவர்களும் தொடுவார்கள் என்றால் அது வேண்டாம். கடவுச்சொல் போடக்கூட உங்களைத்தான் கூப்பிடுவார்கள்.

இத்தனையும் பார்த்தபிறகு நிறம். உங்களுக்கு எது பிடித்ததோ அது. பெரிய நிறுவனங்களின் சில செட்டுகளுக்கு முன்பணம் கட்டிப் பல மாதம் காத்திருக்க வேண்டியிருக்கும். முதல் செட்டுக்கு அது தேவையில்லை. கையிருப்பில் உள்ள, செர்ரி வடிவத்தில், 1.75யூ ஷிப்டும் சேர்ந்த ஒரு பிபிடி டை சப் செட் போதும்.

செட் வந்ததும் மாட்டுவது ஒரு மணி நேர வேலை. பழைய விசைகளை உருவும் முன் கீபோர்டைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். உருவுவதற்கு வளைந்த கம்பியால் ஆன கொக்கி நல்லது. பிளாஸ்டிக் வளையம் விசையின் பக்கங்களைக் கீறிவிடும். நேராக மேலே தூக்க வேண்டும், ஆட்டி நெம்பக் கூடாது. உருவிய பழையவற்றைப் பாத்திரம் கழுவும் சோப்பு கலந்த இளம் சூட்டுத் தண்ணீரில் ஊறவைத்துக் கழுவி, குழிக்குள் ஈரம் இல்லாமல் ஒரு நாள் முழுக்கக் காயவைத்து எடுத்து வையுங்கள்.

ஸ்பேஸ்பாரைக் கடைசியில் மாட்டுங்கள். நீள விசைகளுக்கு அடியில் இரண்டு பக்கமும் ஸ்டெபிலைசர் என்ற தாங்கி இருக்கும், அதிலும் கூட்டல் குறித் தண்டுதான். மூன்று தண்டும் மூன்று குழிக்கு நேராக நிற்கின்றனவா என்று குனிந்து பார்த்துவிட்டு, முதலில் நடுவில் அழுத்தி, பிறகு இரண்டு ஓரத்தையும் ‘டக்’ என்று சத்தம் வரும்வரை அழுத்துங்கள். இடது நுனியை மட்டும் தட்டிப் பாருங்கள், பிறகு வலது நுனியை. இரண்டு பக்கமும் ஒரே வேகத்தில் மேலே திரும்பி வந்தால் சரியாக உட்கார்ந்துவிட்டது. ஒரு பக்கம் சோம்பலாக வந்தால் அந்தப் பக்கத்துத் தண்டு குழிக்குள் முழுதாக இறங்கவில்லை. உருவி மறுபடி மாட்டுங்கள்.